மரமும் மசாலாவும்: இருபாலருக்கும் ஏற்ற இயற்கை பெர்ஃப்யூம் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

மிளகு எண்ணெய்ப் புட்டியை முதன்முதலாகத் திறந்து முகர்பவர்கள் பெரும்பாலும் தும்மலுக்குத் தயாராக முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் முகர்வார்கள். தும்மல் வராது. காரமும் இருக்காது. அப்போதுதான் இழைத்த மரப்பலகையின் வறண்ட மணம் வரும். அதன் மேல் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியதுபோல லேசாக ஒரு புத்துணர்ச்சி. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் எளிதில் ஆவியாகாத பொருள். நீராவியில் வடிக்கும்போது அது பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடுகிறது. எண்ணெயில் ஏறி வருவது மணம் மட்டும்தான்.

மரமும் மசாலாவும் கலந்த பெர்ஃப்யூம் செய்ய நினைப்பவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான். மசாலாவுக்குள்ளேயே மரம் இருக்கிறது. இரண்டையும் வலிந்து ஒட்டவைக்க வேண்டியதில்லை. மசாலாவை அளவோடு வைத்தாலே போதும். நம் மொழியில் மணம் என்று ஒரு சொல், நெடி என்று ஒரு சொல் உண்டு. பெயின்ட் அடித்த அறைக்குள் நுழைந்தால் முகத்தில் அடிப்பது நெடி. கிராம்பு ஓர் அளவு வரை மணம், அதைத் தாண்டினால் நெடி. கீழே நான் சொல்லும் அளவுகளும் காத்திருப்புகளும் மசாலாவை மணத்தின் பக்கமே நிறுத்திவைப்பதற்காகத்தான்.

இருபாலருக்கும் ஏற்றது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மரம் ஆணுக்கு, பூ பெண்ணுக்கு என்ற பிரிவு மூக்கில் இல்லை, விளம்பரத்தில் இருந்து வந்தது. ஷிசைடோ நிறுவனம் 1992-ல் சீடார் மரத்தை மையமாக வைத்து ‘ஃபெமினிதே து புவா’ என்ற பெர்ஃப்யூமைப் பெண்களுக்காகவே வெளியிட்டது. 1994-ல் வந்த ‘சிகே ஒன்’ இருவருக்கும் என்று சொல்லியே விற்றது. நாம் செய்யப்போகும் கலவையில் அந்த நடுநிலை இரண்டு வழிகளில் வரும். சீடார், வெட்டிவேர் போன்ற வறண்ட மரங்களுக்குப் பக்கத்தில் சந்தனத்தின் பால் போன்ற மென்மையை வைக்கிறோம். வெனிலா போன்ற கனத்த இனிப்பையும், ஷேவிங் கிரீமை நினைவுபடுத்தும் லாவண்டரையும் தவிர்க்கிறோம்.

மரங்கள்

செலவும் கவனமும் அதிகம் தேவைப்படும் இடம் இது. கலவையில் பாதிக்கு மேல் மரம்தான்.

சந்தன எண்ணெய் மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியிலிருந்தும் வேரிலிருந்தும் வடிக்கப்படுகிறது. மரம் முதிர ஆண்டுக்கணக்கில் ஆகும். அதனால் விலையும் அதிகம், கலப்படமும் அதிகம். சான்டலம் ஆல்பம் என்ற இனம்தான் நாம் சந்தனம் என்று அறிந்தது. அதன் எண்ணெய்க்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 3518, சந்தன மணத்தின் முக்கியப் பொருள்களான ஆல்ஃபா சான்டலால் 41 முதல் 55 சதவீதம், பீட்டா சான்டலால் 16 முதல் 24 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. எண்ணெயில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஜிசி-எம்எஸ் ஆய்வறிக்கையை விற்பவரிடம் கேளுங்கள். இந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். காட்டில் அருகிவரும் மரம் என்பதால் தோட்டத்தில் வளர்த்த மரத்தின் எண்ணெயா என்றும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் சான்டலம் ஸ்பிகேட்டம் இன்னோர் இனம். கொஞ்சம் வறண்ட மணம், ஆனால் இந்தக் கலவைக்கு நன்றாகவே பொருந்தும். கைக்கு எட்டாத விலையாக இருந்தால் அமைரிஸ் எண்ணெய் வாங்கலாம். அது சந்தனமே அல்ல, வேறு மரம். மென்மை மட்டும் ஓரளவு கிடைக்கும்.

சந்தனத்தை முகர்ந்த உடனே “ஒன்றுமே தெரியவில்லையே” என்று பலர் சொல்வார்கள். அதன் மூலக்கூறுகள் கனமானவை, மெதுவாகத்தான் எழும். தாள் பட்டையில் ஒரு சொட்டு வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது வாசலிலேயே அது உங்களை எதிர்கொள்ளும்.

சீடாரில் மூன்று வகைகள் சந்தையில் அதிகம். மொராக்கோவின் அட்லஸ் சீடாரும் இமயமலைத் தேவதாருவும் உண்மையான சீடார்கள். இரண்டிலும் லேசான இனிப்பும் பிசின் வாசமும் உண்டு. வர்ஜீனியா சீடார் பெயரில்தான் சீடார், உண்மையில் ஜூனிபர் இனம். பென்சில் சீவும்போது வரும் மணம் இதுதான், ஏனென்றால் பென்சில்கள் நெடுங்காலம் இந்த மரத்தில்தான் செய்யப்பட்டன. நமக்கு வேண்டியது இந்த வர்ஜீனியா. சந்தனத்தின் மென்மைக்கு எதிரே நேர்கோடு போல நிற்கும்.

வெட்டிவேரை உலகமே தமிழ்ப் பெயரால்தான் அழைக்கிறது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ‘வெட்டிவர்’ என்று சொல்வது நம் வெட்டிவேரைத்தான். ஹைத்தி எண்ணெய் தெளிவானது, சுத்தமானது; ஜாவா எண்ணெயில் புகை அதிகம். முதன்முறை செய்பவர் ஹைத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சௌலியின் பெயருக்கும் தமிழ் வேர் உண்டு. இந்தோனேசியாவில் அதிகம் வடிக்கப்படும் இந்த இலை எண்ணெய் ஆண்டுகள் ஆக ஆக மெருகேறும். கலவையில் நூறில் மூன்றே மூன்று பங்கு. அதற்கு மேல் போனால் மற்ற மரங்களை ஈரமண் மூடிவிடும்.

அகில் எண்ணெயை இதில் நான் சேர்க்கவில்லை. விலையும் போலிகளும் ஒரு பக்கம் இருக்கட்டும். அதை உள்ளே விட்டால் பெர்ஃப்யூம் அதனுடையதாகிவிடும்.

மசாலாக்கள்

மிளகு, ஏலக்காய், இஞ்சி, ஜாதிக்காய், கிராம்பு. இந்த ஐந்து போதும். மிளகும் ஏலமும் மேலே நிற்பவை, முதல் பத்து நிமிடத்துக்குச் சொந்தமானவை. ஏலக்காயில் யூகலிப்டஸில் உள்ள அதே சினியோல் இருப்பதால் ஒரு குளிர்ச்சி வரும். மசாலா பெர்ஃப்யூம் என்றாலே சூடாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை இந்தக் குளிர்ச்சி மாற்றிவிடும்.

கிராம்பில் எச்சரிக்கை வேண்டும். அதன் எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். நான் செய்த முதல் கலவையில் கிராம்பை ஐந்து சொட்டு கூடுதலாக விட்டேன். மறுநாள் முகர்ந்தபோது பல் மருத்துவரின் அறைக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. பல்லில் தற்காலிகமாக அடைக்கும் பூச்சில் யூஜினால் சேர்ப்பதுதான் காரணம். அந்த நினைவு மூக்கில் வந்துவிட்டால் சந்தனத்தால்கூட அதை அழிக்க முடியாது. நூறில் ஒரு பங்கு கிராம்பு, அவ்வளவுதான். கிராம்பு மொட்டு எண்ணெயாக வாங்குங்கள். இலை எண்ணெய் முரட்டுத்தனமானது.

இலவங்கப்பட்டை எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள சின்னமால்டிஹைடு தோலில் ஒவ்வாமையைத் தூண்டுவதில் பேர்போனது.

மரத்தையும் மசாலாவையும் சேர்த்துக் கட்டுபவை

போஸ்வெல்லியா மரப் பிசினிலிருந்து வரும் ஃபிராங்கின்சென்ஸ் எண்ணெய் பாதி மிளகு, பாதி பிசின். மேலே உள்ள மிளகையும் கீழே உள்ள மரத்தையும் கைகோக்க வைப்பது இதுதான். ஜெரேனியம் கொஞ்சம், ரோஜா போன்ற ஒரு காற்று வரும், பூ வாசம் என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் அதை எடுத்துவிட்டு முகர்ந்து பாருங்கள், கலவை கட்டைபோல விறைத்து நிற்கும். சிஸ்டஸ் என்ற புதரின் பிசினான லேப்டனம் அடியில் தேன்நிறச் சூட்டைத் தரும்.

மேலே தெளிவு தர பெர்கமாட். இத்தாலியின் கலாப்ரியாவில் அதிகம் விளையும் இந்தப் பழத்தின் தோலைப் பிழிந்து எடுக்கும் எண்ணெயில் பெர்கப்டென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் வரலாம். இஃப்ரா என்ற சர்வதேச வாசனைத் துறை அமைப்பு, தோலில் தங்கும் பொருள்களில் சாதாரண பெர்கமாட் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆல்கஹால் சேர்த்து முடித்த நம் பெர்ஃப்யூமில் அது ஏறத்தாழ 2 சதவீதம் வரும். ஆகவே பெர்கப்டென் நீக்கப்பட்ட, ‘எஃப்சிஎஃப்’ என்று லேபிளில் போட்ட எண்ணெயை மட்டுமே வாங்குங்கள். இதில் சமரசம் கூடாது.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று. லேபிளில் எசென்ஷியல் ஆயில் அல்லது அப்சல்யூட் (கரைப்பானால் பிரித்தெடுத்த அடர்ந்த மணச்சாறு) என்று இருக்க வேண்டும்; தாவரவியல் பெயரும் இருக்க வேண்டும். ‘ஃபிராக்ரன்ஸ் ஆயில்’ என்று இருந்தால் அது செயற்கை வாசனை கலந்ததாக இருக்கும், இந்த வேலைக்கு ஆகாது.

ஆல்கஹாலும் கருவிகளும்

95 அல்லது 96 சதவீத எத்தனால், பெர்ஃப்யூம் செய்யத் தகுந்தது என்று விற்கப்படுவது. மெத்தனால் நச்சு, தொடவே கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்குத் தனி நெடி உண்டு. கை கழுவும் சானிடைசரில் தண்ணீரும் மற்றதும் கலந்திருக்கும், எண்ணெய் பிரிந்து பால்போல் கலங்கிவிடும்.

0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு, கரும்பழுப்புக் கண்ணாடிப் புட்டிகள், சொட்டு விடப் பிப்பெட்டுகள், முகர்ந்து பார்க்கத் தாள் பட்டைகள், ஒரு நோட்டு. தராசு இல்லாமல் தொடங்காதீர்கள். வெட்டிவேர் எண்ணெய் பாகுபோல் கனமாக விழும், பெர்கமாட் தண்ணீர்போல் விழும். ஒரு சொட்டும் இன்னொரு சொட்டும் ஒரே எடையல்ல. எத்தனால் எளிதில் தீப்பிடிக்கும், எனவே அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: நீர்க்கச் செய்து, தனித்தனியாக முகர்தல்

ஒவ்வொரு எண்ணெயிலும் 1 கிராம் எடுத்து 9 கிராம் எத்தனாலில் கலந்து, பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். இது 10 சதவீதக் கரைசல். லேப்டனம் கெட்டியாக இருந்தால் மூடிய புட்டியை வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்தினால் இளகும்.

ஒரு நாளைக்கு நான்கு எண்ணெய்களுக்கு மேல் முகராதீர்கள். தாள் பட்டையில் தொட்டு, உடனே, பத்து நிமிடத்தில், இரண்டு மணி நேரத்தில், மறுநாள் காலையில் என்று நான்கு முறை முகர்ந்து, தோன்றியதை அப்படியே எழுதுங்கள். “நனைந்த கயிறு”, “புது அலமாரி”, “நாணயம்” என்று எதுவாக இருந்தாலும் சரி. மூக்கு களைத்துப்போனால் காப்பிக்கொட்டையைத் தேடாதீர்கள், அது இன்னொரு பலமான வாசனை. வெளியே போய்க் காற்று வாங்குங்கள்.

படி 2: மரத்தை மட்டும் கட்டுதல்

பலரும் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கலந்துவிடுவார்கள். முதலில் மரம் மட்டும். 10 சதவீதக் கரைசல்களிலிருந்து சந்தனம் 24 சொட்டு, வர்ஜீனியா சீடார் 18, வெட்டிவேர் 7, பச்சௌலி 3, லேப்டனம் 2. குலுக்கி, ஒரு நாள் விட்டு முகருங்கள்.

இந்தக் கட்டத்தில் எந்த மரமும் தனியாகத் தலைநீட்டக் கூடாது. பென்சில் மணம் மட்டும் தெரிந்தால் சீடாரில் இரண்டு சொட்டு குறைத்து மறுபடி செய்யுங்கள். மண்வாசம் முந்தினால் வெட்டிவேர், பச்சௌலி இரண்டில் எது என்று தாள் பட்டைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வெட்டிவேர் வறண்டு புகையும், பச்சௌலி ஈரமாக இனிக்கும். இந்த மரக்கட்டு தனியாகவே பூசிக்கொள்ளலாம் என்று தோன்றும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். எனக்கு இதற்கே மூன்று வாரம் ஆயிற்று, அதில் ஒரு நாள்கூட வீண் என்று நான் நினைக்கவில்லை.

படி 3: மசாலாவை ஏற்றுதல்

மரக்கட்டில் முதலில் ஃபிராங்கின்சென்ஸ் 8 சொட்டு, ஜெரேனியம் 5. அப்புறம் இஞ்சி 3, ஜாதிக்காய் 2, கிராம்பு 1. கடைசியாக மிளகு 9, ஏலக்காய் 5, பெர்கமாட் 13. மொத்தம் நூறு சொட்டு.

உடனே முகர்ந்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஏலமும் பெர்கமாட்டும் கூச்சல் போடும், மரம் காணாமல் போயிருக்கும். மூடி வைத்துவிட்டு மூன்று நாள் கழித்துத் திறங்கள். தாள் பட்டையில் முதல் நிமிடம் பெர்கமாட்டும் மிளகும், கால் மணி நேரத்தில் ஏலத்தின் குளிர்ச்சி அடங்கி ஜாதிக்காயின் மெல்லிய சூடு, ஒரு மணி நேரத்துக்குப் பின் சந்தனத்தின் மேல் சீடார் சாய்ந்து நிற்பது போல ஓர் அமைதி. இந்த வரிசையில் வந்தால் சரி.

வராவிட்டால் எதையும் கூட்டாதீர்கள். புதிதாக இன்னொரு சிறு கலவை போட்டு, ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. மருந்து வாடை வந்தால் கிராம்பை முழுதாக எடுத்துவிட்டுப் பாருங்கள். தொண்டைத் தைலம் போல இருந்தால் ஏலத்தை 3 ஆக்குங்கள். மேலே அழகாக இருந்து நடுவில் வெறுமையாக விழுந்தால் ஃபிராங்கின்சென்ஸ் 10 வரை போகலாம். இன்னும் ஆண்களுக்கான சவரத் தைலம் போலத் தோன்றினால் பெரும்பாலும் சீடாரும் மிளகும் சேர்ந்து மிஞ்சுகின்றன. சீடாரில் இரண்டு குறைத்துச் சந்தனத்தில் இரண்டு கூட்டுங்கள்.

படி 4: எடைபோட்டுக் கலத்தல்

சோதனை திருப்தியாக இருந்தால், இப்போது நீர்க்காத எண்ணெய்களை எடைபோட வேண்டும். சொட்டுக்கணக்கில் கண்டதையும் எடைக்கணக்கில் செய்ததையும் முகர்ந்து ஒப்பிட்டால் சிறு வேறுபாடு இருக்கும். இனி எடைதான் உங்கள் சூத்திரம். 10 கிராம் கலவைக்கு:

சந்தனம் 2.40 கிராம்
வர்ஜீனியா சீடார் 1.80
பெர்கமாட் எஃப்சிஎஃப் 1.30
மிளகு 0.90
ஃபிராங்கின்சென்ஸ் 0.80
வெட்டிவேர் 0.70
ஏலக்காய் 0.50
ஜெரேனியம் 0.50
இஞ்சி 0.30
பச்சௌலி 0.30
ஜாதிக்காய் 0.20
லேப்டனம் 0.20
கிராம்பு மொட்டு 0.10

ஊற்றும் வரிசை இதற்குத் தலைகீழ். காலிப் புட்டியைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, கிராம்பை முதலில் விடுங்கள். கை தவறி அதிகமாக விழுந்தால் நஷ்டம் கிராம்பு மட்டும்தான். துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். விலை உயர்ந்த சந்தனத்தை முதலில் ஊற்றிவிட்டுக் கடைசியில் கிராம்பில் கை தவறினால் மொத்தமும் போய்விடும். சிறிய அளவிலிருந்து பெரிய அளவுக்கு ஏறுங்கள். பெர்கமாட் சீக்கிரம் பறந்துவிடும் என்பதால் அதை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: இரண்டு காத்திருப்புகள்

எண்ணெய்க் கலவையை இறுக மூடி, இருட்டான குளிர்ந்த இடத்தில் இரண்டு வாரம் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை மெதுவாகச் சுழற்றினால் போதும்.

பிறகு 56.7 கிராம் எத்தனால் சேருங்கள். வாசனைப் பொருள் 15 சதவீதம் வரும். ஓ த பர்ஃபாம் என்று கடைகளில் விற்கும் வலிமை ஏறத்தாழ இதுதான். அளவில் சுமார் 80 மில்லிலிட்டர் கிடைக்கும். மறுபடி நான்கு முதல் ஆறு வாரம். முதல் வாரத்தில் ஆல்கஹால்தான் முன்னே நிற்கும், மசாலா கூர்மையாகக் குத்தும். மூன்றாவது வாரத்தில் அந்த முனைகள் மழுங்கி வட்டமாகும். வாரம் ஒரு நாள் தாள் பட்டையில் தொட்டு எழுதி வைத்தால் இந்த மாற்றத்தை நீங்களே பார்க்கலாம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கடைசியில் ஒரு நாள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, அடியில் தங்கிய பிசினையும் மெழுகையும் காப்பி வடிதாளில் வடிகட்டுங்கள். லேசான மஞ்சள்பழுப்பு நிறம் இருக்கும், அது இயல்பு.

ஆல்கஹால் வேண்டாதவர்கள் இதே 10 கிராமை 56.7 கிராம் ஹோஹோபா எண்ணெயில் கலந்து ரோல்-ஆன் புட்டியில் வைக்கலாம். லேப்டனம் அதில் சரியாகக் கரையாது, விட்டுவிடுங்கள். மணம் தோலோடு ஒட்டியே இருக்கும், எட்ட நிற்பவருக்குத் தெரியாது.

படி 6: தோலில் சோதித்து, அணிதல்

இயற்கை என்பதாலேயே தோலுக்கு ஆகும் என்று அர்த்தமில்லை. முழங்கையின் உட்புறம் சிறிது தடவி 48 மணி நேரம் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ கழுவிவிட்டு நிறுத்துங்கள். கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்தட்டும், குழந்தைகளுக்கு வேண்டாம்.

கழுத்தின் பக்கவாட்டிலும் முழங்கை மடிப்பிலும் இரண்டு தெளிப்புகள் போதும். மணிக்கட்டில் தெளித்தால் ஒன்றோடொன்று தேய்க்காதீர்கள். பெர்கமாட்டும் ஏலமும் வேகமாகப் பறந்துவிடும். வெள்ளைத் துணியில் தெளித்தால் லேப்டனமும் பச்சௌலியும் கறை விடும். மேல்மணம் முக்கால் மணி நேரத்தில் போய்விடும், மரம் நான்கைந்து மணி நேரம் தங்கும். அதற்குப் பிறகு செயற்கைப் பெர்ஃப்யூம் போல நிற்கவில்லையே என்று அளவைக் கூட்டாதீர்கள், மறுபடி ஒரு முறை தெளித்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சமும் சூடும் படாத இடத்தில், காற்றிடம் குறைவாக உள்ள சிறு புட்டிகளில் வையுங்கள். காற்றுப் பட்டுப் பழசான பெர்கமாட் போன்ற எண்ணெய்கள் தோலை உறுத்தக்கூடும். புட்டியில் கலந்த தேதியையும், ஒவ்வொரு எண்ணெயின் இனத்தையும், எந்த வடிப்பிலிருந்து வந்தது என்பதையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை வாங்கும் வெட்டிவேர் இந்த வெட்டிவேர் போல இருக்காது. அப்போது ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் புட்டியிலிருந்து 5 மில்லிலிட்டரைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.